கைப்பாசின் மூக்கு

ஹென்றிக்குப் பயப்படுவதற்குத்தான் சம்பளம். அவனே அப்படித்தான் சொல்வான், சிரித்துக்கொண்டு. மொன்றியலில், கோட்-டே-நேஜ் பக்கத்தில் ஒரு யூத சமூக நிலையம் இருந்தது. அதன் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளும் ஒரு சின்ன மண்டபமுமாக ஒரு நினைவு மியூசியம். ஹிட்லரின் காலத்தில் கொல்லப்பட்ட யூதர்களின் படங்கள், ஒரு கரண்டி, ஒரு பிள்ளை காலில் போட்ட சப்பாத்து, மஞ்சள் துணியில் வெட்டிய நட்சத்திரம் என்று கொஞ்சச் சாமான்கள். அந்த வாசலில் ஹென்றி செக்கியூரிட்டி. வருகிறவர்கள் மணி அடிக்க வேண்டும். ஹென்றி கமராவில் முகத்தைப் பார்ப்பான், பையைத் திறந்து பார்ப்பான், பிறகுதான் உள்ளே விடுவான். கதவு எந்த நேரமும் பூட்டியே இருக்கும்.

பட்டப்பகலில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து போகிற இடத்துக்கு ஏன் இந்தப் பூட்டு என்று, அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மனைவி றோசா கேட்டாள். அவள் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் நிற்பவள். அவளுடைய கடைக்குக் கதவே கிடையாது.

"அவையளுக்குப் பயம்" என்றான் ஹென்றி.

"ஆருக்குப் பயம்?"

"ஆரெண்டு தெரிஞ்சால் பேந்தென்ன பயம்?"

இந்த வேலை அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எந்த இடத்துக்குப் போனாலும் அவன் கண் முதலில் வாசலைத்தான் தேடும். கல்யாண வீடானாலும் கோயிலானாலும் வாசலுக்குக் கிட்டின கதிரைதான் அவனுக்கு. மன்னார்த் தீவில் அவனுக்கு இருபது வயதாக இருந்தபோது ஒரு விடியற்காலை ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஆம்பிளைகள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நடத்தினார்கள். ஜீப்புக்குள் சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் இருந்தான். தலையாட்டி என்று சனம் சொல்லும். ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். அவன் தலையை ஆட்டினால் லொறி, ஆட்டாவிட்டால் வீடு. ஹென்றிக்கு அவன் ஆட்டவில்லை. அடுத்ததாக நின்ற அண்ணன் கிறகரிக்கு ஆட்டினான். அண்ணன் இன்றுவரை திரும்பவில்லை. சாக்கின் ஓட்டைகளுக்குள்ளால் பார்த்த அந்தக் கண்கள் ஊர்க்காரன் ஒருவனின் கண்கள் என்பதில் மட்டும் ஹென்றிக்குச் சந்தேகமில்லை. அந்நியனுக்கு எங்கள் முகம் எப்படித் தெரியும்?

அப்படிப்பட்டவனுக்கு மதாம் கிராவெட்ஸைப் பிடித்துப்போனதில் அதிசயமில்லை. அவருக்கு எழுபத்தைந்து வயது. போலந்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்து, தாய், தகப்பன், தம்பிமார் எல்லாரையும் பறிகொடுத்து, தனியாக மொன்றியலுக்கு வந்து, காலமெல்லாம் உடுப்புத் தொழிற்சாலையில் தைத்தவர். ஓய்வெடுத்த பிறகு மியூசியத்துக்கு வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் பச்சைக் கோட்டோடு வந்து மணி அடிப்பார். உள்ளே வந்ததும் நின்று திரும்பிப் பார்த்து, "பூட்டியாச்சா, ஹென்றி?" என்று பிரெஞ்சில் கேட்பார். ஹென்றி கதவை ஒருமுறை இழுத்துக் காட்டி, "பூட்டியாச்சு, மதாம்" என்பான். அதன் பிறகுதான் கோட்டின் முதல் பொத்தானில் கை வைப்பார். மூன்று வருடமாக அவர்களுக்குள் காலை வணக்கமே அதுதான். யாரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. கதைக்கத் தேவையும் இருக்கவில்லை.

ஹென்றியின் மகள் ஜென்சிக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் தகப்பனோடு வந்து வாசல் மேசைக்குக் கீழே இருந்து படம் கீறுவாள். மதாம் தன் கைப்பையில் அவளுக்கென்று சொக்லேற் வைத்திருப்பார். இரண்டு பேரும் பிரெஞ்சில் கதைத்துச் சிரிப்பதைக் கேட்டால் யார் கிழவி, யார் பிள்ளை என்று தெரியாது.

இனி நாடகத்துக்கு வருகிறேன். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் வந்தால் மொன்றியலில் யாழ்ப்பாணத்தாரும் மன்னார்க்காரரும் சேர்ந்து பாஸ்கா போடுவார்கள். யேசு சுவாமியின் பாடுகள் முழுவதும், பாட்டும் வசனமுமாக, மூன்று மணித்தியாலம். அதில் ஹென்றி யூதரின் பெரிய குரு கைப்பாஸ். ஊரில் அவனுடைய தகப்பனும் கைப்பாஸ்தான். குரலும் உயரமும் குடும்பச் சொத்து. கைப்பாசுக்கு ஒட்டுத்தாடி உண்டு, நீளக் கறுப்பு அங்கி உண்டு. எல்லாவற்றையும் விட முக்கியமாக ஒரு மூக்கு உண்டு. ரொக்ஸ்பரோவில் இருக்கும் யோசெப் அண்ணாவியார்தான் அந்த மூக்கைச் செய்தவர். நாடகத்தைப் பழக்கி நடத்துகிறவரும் அவரே. பேப்பரை ஊறவைத்து இடித்து, அச்சில் வைத்து, மெழுகு பூசி, இரண்டு காதிலும் நூலால் கட்டுகிற மாதிரிச் செய்திருந்தார். கிளியின் சொண்டு போல வளைந்து வந்து மேலுதட்டைத் தொடும். அதைப் போட்டுக்கொண்டு ஹென்றி மேடைக்கு வந்தால் முன்வரிசைக் குஞ்சு குருமன்கள் எல்லாம் கூவென்று கத்தும். கைப்பாசுக்கு அதுதான் கைதட்டல்.

கைப்பாசின் பெரிய வசனம் கடைசியில் வரும். ரோமத் தேசாதிபதி பிலாத்து கையைக் கழுவி, இந்த நீதிமானின் இரத்தத்தில் எனக்குப் பங்கில்லை என்பான். அப்போது கைப்பாஸ் இரண்டு கையையும் தூக்கி, அந்த இரத்தம் எங்கள் தலையிலும் எங்கள் பிள்ளைகளின் தலையிலும் இருக்கட்டும் என்று அடித்தொண்டையால் கத்த வேண்டும். யூத சனமாக நிற்கும் பிள்ளைகள் அதை மூன்று முறை திருப்பிக் கத்துவார்கள். மண்டபமே அதிரும். தவக்காலம் முழுக்க ஹென்றி குசினியில் கோப்பை கழுவிக்கொண்டே அந்த வசனத்தைக் கத்திப் பழகுவான். ஜென்சி அந்தச் சனத்தில் ஒருத்தி. வீட்டில் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுகிற பிள்ளை, பாஸ்காவில் மட்டும் தமிழைக் கணீரென்று எடுத்து வீசுவாள். அதில் றோசாவுக்கு எவ்வளவு பெருமை என்று சொல்லி முடியாது.

2005ஆம் ஆண்டு தவக்காலத்தின் தொடக்கத்தில் மதாம் கிராவெட்ஸின் கையில் நாடக ரிக்கெற்றைக் கொடுத்தது ஜென்சிதான். பக்கத்தில் ஹென்றி பல்லெல்லாம் தெரிய நின்றான்.

"அப்பா பெரிய குரு. நான் சனம்" என்றாள் ஜென்சி பிரெஞ்சில்.

"என்னை நாடகத்துக்கு யாராவது கூப்பிட்டு எத்தனை காலம்!" என்று மதாம் ரிக்கெற்றை முத்தமிட்டுக் கைப்பைக்குள் வைத்தார்.

வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில் நெற்றியில் அடித்துக்கொள்ளலாம். மூன்று வருடம் அந்தப் படங்களுக்கு நடுவில் நின்றவனுக்கு இது தெரியாதா? தெரியவில்லை. கோயிலில் யூதர் என்றால் ஒட்டுத்தாடியும் பேப்பர் மூக்கும். மியூசியத்தில் யூதர் என்றால் மதாம் கிராவெட்ஸும் அவருடைய சொக்லேற்றும். இரண்டும் ஒரே சனம் என்பது அவன் புத்தியில் ஏறவே இல்லை. எங்களில் யாருக்குத்தான் ஏறியது? சுவாமிமார் எத்தனையோ முறை பிரசங்கத்தில் சொல்லியிருப்பார்கள். பிரசங்கத்தில் நாங்கள் எதைத்தான் காதில் வாங்கினோம்?

ஏறிய நாள் ஒரு வியாழக்கிழமை. வகுப்பொன்று வந்திருந்தது. மண்டபத்துக்குள் வெக்கையாக இருந்ததால் அதன் கதவைத் திறந்து விட்டிருந்தார்கள். மதாம் சொல்வது வாசல் மேசைவரை கேட்டது. முகாம்களைப் பற்றி அவர் சொல்வதெல்லாம் ஹென்றி பலமுறை கேட்டதுதான். அன்றைக்கு ஒரு பெண்பிள்ளை எழுந்து, "ஜெர்மன்காரர் வருவதற்கு முன்னால் உங்களுக்குப் பயமே இருக்கவில்லையா?" என்று கேட்டுவிட்டாள்.

மதாம் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"பெரிய வெள்ளிக்கிழமை" என்றார் பிறகு. "எங்கள் ஊரில் கிறிஸ்தவக் கோயில் முற்றத்தில் நாடகம் போடுவார்கள். யேசுவை நாங்கள் கொன்ற நாடகம். அது முடிகிற நேரம் அப்பா ஜன்னல் பலகைகளை அடைத்து, கதவுக்குக் குறுக்கே கட்டை போட்டு, விளக்கை அணைப்பார். அம்மா என்னை அலுமாரிக்குள் கோட்டுகளுக்குப் பின்னால் நிற்க வைப்பார். கோட்டுக்குக் கீழே என் சப்பாத்து தெரிகிறதே என்று எனக்குப் பயம். நாடகத்தின் வார்த்தைகள் எங்களுக்குக் கேட்காது. சனம் ஒன்றாகக் கத்துவது மட்டும் கேட்கும். அது கேட்டால் வருகிறார்கள் என்று அர்த்தம். ஒரு வருடம் வேஷத்தோடேயே வந்தார்கள். அலுமாரி இடுக்கால் பார்த்தேன். ஜன்னல் பலகையின் பிளவில் ஒரு நீண்ட மூக்கு வந்து நின்றது. காகித மூக்கு. நாடகத்தில் பெரிய குருவாக நடித்தவர். எங்கள் ஊர் ரொட்டிக்காரர். எனக்குத் தினமும் கருகிய விளிம்பைக் கிள்ளித் தருகிறவர். பலகையைத் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு சொன்னார், 'பயப்படாதீர்கள், நான்தான்.' யாரோ தெரியாதவர் என்றால் தாங்கியிருப்பேன். அவர்தான் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு நடுக்கம் வந்தது."

"பிறகு?" என்றாள் அந்தப் பிள்ளை.

"கல் எறிந்தார்கள். போய்விட்டார்கள். அந்தக் கிழமையே அவர் பழையபடி ரொட்டி விற்றார், அப்பாவும் வாங்கினார். பிறகு ஜெர்மன்காரர் வந்தார்கள். அவர்களுக்கு எங்கள் ஊர் தெரியாது. எந்த வீடு எங்கள் வீடு என்று காட்ட ஆள் தேவைப்பட்டது."

வெளியே யாரோ மணி அடிக்கிறார்கள், ஹென்றிக்குக் கேட்கவில்லை. சாக்கின் ஓட்டைக்குள்ளால் பார்த்த கண்கள் திடீரென்று ஞாபகத்துக்கு வந்தன. குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவினான். கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்தான். அதை இரண்டு விரலால் தடவினான். அவருடைய கைப்பைக்குள் என்னுடைய ரிக்கெற் இருக்கிறது என்று நினைத்தான்.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. குசினியில் கோப்பைகளைச் சத்தமில்லாமல் கழுவினான். கடைசியில் றோசா பிடித்து வைத்துக் கேட்டாள். சொன்னான். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"வரவேண்டாமெண்டு மனிசியிட்டச் சொல்லிவிடுங்கோவன்."

"என்னெண்டு சொல்லுறது? உங்களைப் பயப்பிடுத்தின கூத்தைத்தான் நாங்களும் ஆடுறம் எண்டோ? நான்தான் அந்த ரொட்டிக்காரன் எண்டோ?"

"சும்மா கண்டபடி கதைக்காதேங்கோ. நீங்கள் ஆருக்குக் கல்லெறிஞ்சனீங்கள்? அவவுக்குத் தமிழும் தெரியாது. வந்து பாத்திட்டுப் போகட்டும்."

தமிழ் தெரியாது என்ற நினைப்பு அவனுக்கு ஒரு இரவு நித்திரையைத் தந்தது. விடிந்ததும் போய்விட்டது. போலந்திலும் வார்த்தைகள் அவருக்குக் கேட்கவில்லை. சனம் கத்துவதுதான் கேட்டது.

அடுத்த கிழமை மதாம் கோட்டைக் கழற்றும்போது ஹென்றி முன்னால் போய் நின்றான். நாடகம் மிகவும் நீளம், மதாம் என்றான். குஷன் கொண்டு வருவேன் என்றார். எல்லாம் தமிழில்தான் நடக்கும் என்றான். நீயும் மகளும் தமிழ் பேசுவதைக் கேட்கத்தானே வருகிறேன் என்றார். பனி கொட்டக்கூடும் என்றான். நான் போலந்தில் பிறந்தவள், ஹென்றி என்று சிரித்தார். அந்த மண்டபத்தின் கதவைப் பூட்ட மாட்டார்கள் என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் அவர் வந்திருக்க மாட்டார். அது அவன் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாரே என்று பயந்து விழுங்கிவிட்டான். பயந்தவனுக்கு எல்லாப் பக்கமும் பயம்.

யோசெப் அண்ணாவியாரிடமும் போனான். உண்மையைச் சொல்ல அங்கேயும் வாய் வரவில்லை.

"அண்ணாவியார், இந்த முறை மூக்கில்லாமல் ஆடுவமோ?"

"மூக்கில்லாத கைப்பாசோ? சனம் சிரிக்கும்."

"அந்தக் கடைசி வசனத்தையாவது விடுவமோ? பிள்ளையள் கத்திற வசனம்."

அண்ணாவியார் கண்ணாடியைக் கழற்றி அவனை மேலும் கீழும் பார்த்தார். "உன்ர கொப்பர் சொன்ன வசனமடா அது. சுவிசேஷத்தில இருக்கிறதை வெட்டுறதுக்கு நான் ஆர்? உனக்கென்ன, உடம்புக்கு ஏலாதோ?"

"ஓம், காய்ச்சல் மாதிரிக் கிடக்கு. வேற ஆரையும் போடுங்கோவன்."

"பாஸ்கா முடிஞ்சாப்போல காய்ச்சல் வரட்டும். இப்ப போய்ப் படி."

அதற்குமேல் அவனிடம் இருந்தது ஒரு கோழையின் திட்டம்தான். மூக்கை வீட்டில் மறந்துவிட்டு வருவது. வசனத்தை மேடையில் மறந்துவிடுவது. மறதிக்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

நாடகம் சென்ட் லோரனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், குருத்தோலை ஞாயிறு பின்நேரம். ஹென்றி காலையில் மியூசியத்தில் வேலை செய்துவிட்டு நேரே வந்து, செக்கியூரிட்டிச் சட்டைக்கு மேலேயே கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டான். தாடி கட்டவில்லை. மூக்கு எங்கே என்று அண்ணாவியார் உறுமினார். மறந்துபோனேன் என்றான். ஒரு மனிதன் தன் மூக்கை மறப்பானா என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

திரை இடுக்கால் மண்டபத்தைப் பார்த்தான். ஒருவேளை வரமாட்டார் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. வந்திருந்தார். கடைசி வரிசை, வாசலுக்குக் கிட்டின கதிரை. அவனாக இருந்தால் எதில் இருப்பானோ அதே கதிரை. மடியில் குஷன். பச்சைக் கோட்டைக் கழுத்துவரை பூட்டியபடியே இருந்தார். வெக்கையில் மற்றவர்கள் எல்லாம் ஜாக்கெற்றைக் கழற்றி வெளியே உடுப்பறையில் தொங்கவிட்டிருந்தார்கள். அவரிடம் கதவு பூட்டியாச்சு என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

முதல் பாதி எப்படிப் போனது என்று ஹென்றிக்குத் தெரியாது. வாய் தன்பாட்டில் பாடியது. கண் கடைசி வரிசையை விட்டு அகலவில்லை. பிள்ளைகள் குருத்தோலையோடு ஓடிவந்தபோது மதாம் சிரித்தார். ஜென்சிக்குக் கை காட்டினார். பிறகு யூதாஸ் வந்தான், சேவகர் வந்தார்கள், தாடி வைத்த குருமார் ஒவ்வொருவராக மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்வரிசைக் குஞ்சுகள் கூவென்று கத்தின. மதாமின் சிரிப்பு நின்றது. குஷனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

பிலாத்துவாக வந்தவன் ஜெராட். தொழிற்சாலையில் பாரம் தூக்குகிறவன், நல்ல குணம். வசனத்தைச் சொல்லி, வெள்ளித் தட்டில் கையைக் கழுவிவிட்டு ஹென்றியைப் பார்த்தான். ஹென்றி வாயைத் திறக்கவில்லை. ஜெராட் இன்னொருமுறை கையைக் கழுவினான். திரைக்குப் பின்னாலிருந்து அண்ணாவியார் வசனத்தை எடுத்துக் கொடுத்தார், முதலில் மெதுவாக, பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் பாட்டுக்காரர் அடுத்த பாட்டை எடுத்துவிடுவார்கள் என்று ஹென்றி எண்ணிக்கொண்டு நின்றான். ஜெராட் மூன்றாம் முறையும் கையை நனைத்தான். சனம் நெளிந்தது.

அப்போது அவனுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழும்பியது. கணீரென்ற குரல், ஒரு எழுத்துப் பிசகாத தமிழ். அந்த இரத்தம் எங்கள் தலையில். எங்கள் பிள்ளைகளின் தலையில். இரண்டு கையையும் அவனைப் போலவே தூக்கிக்கொண்டு ஜென்சி கத்தினாள். குசினி வாசலில் நின்று தவக்காலம் தவக்காலமாகக் கேட்ட வசனம். உடனே பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து, காத்திருந்த சந்தோசத்தில், மூன்று முறை. மண்டபம் அதிர்ந்தது. சனம் கைதட்டியது.

ஹென்றி கடைசி வரிசையைப் பார்த்தான். கதிரை வெறுமையாகக் கிடந்தது. குஷன் நிலத்தில் கிடந்தது.

அவன் மேடையிலிருந்து இறங்கிப் பக்கக் கதவால் ஓடினான். பின்னால் அண்ணாவியார் கூப்பிட்டது கேட்டது. வெளிவாசலுக்குப் போய்ப் பார்த்தான். பனியில் புதிய கால் தடம் எதுவுமில்லை. தெருவில் இல்லை, பஸ் நிறுத்தத்தில் இல்லை. திரும்பி உள்ளே வந்தபோது உடுப்பறைக் கதவு கொஞ்சம் திறந்திருப்பதைக் கண்டான்.

உள்ளே வரிசை வரிசையாகக் குளிர் ஜாக்கெற்றுகள் தொங்கின. கடைசி வரிசைக்குக் கீழே, சுவரோடு ஒட்டி, இரண்டு சின்னக் கறுப்புச் சப்பாத்துகள் தெரிந்தன. அவை அசையவில்லை.

எழுபத்தைந்து வயது மனுசி. ஹென்றிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கிட்டப் போகலாம் என்று ஒரு அடி வைத்தவன் தன் அங்கி நிலத்தில் உரசுகிற சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றான். நான்தான் மதாம், ஹென்றி என்று சொல்ல வாய் எடுத்தான். முதல் சொல் வெளியே வருவதற்கு முன்னால் அந்தச் சொல் யாருடைய சொல் என்று நினைவு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டான். ஓசைப்படாமல் பின்வாங்கி, வாசலுக்கு வெளியே வந்து, அங்கியைக் கழற்றி மூலையில் எறிந்தான். செக்கியூரிட்டிச் சட்டையோடு கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றான். அவனுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். இனி யார் வந்தாலும் உள்ளே விடுவதில்லை.

"அப்பா!"

ஜென்சி ஓடிவந்தாள். முகமெல்லாம் மை, கன்னம் இரண்டும் சந்தோசத்தில் சிவந்திருந்தன. முகத்தில் பெரிய குருவின் மூக்கு. கிளிச் சொண்டு மாதிரி வளைந்து, அவளுடைய சின்ன வாயை மூடித் தாடைவரை தொங்கியது.

"அப்பா, நீங்கள் வசனத்தை மறந்திட்டீங்கள். நான் சொல்லிட்டன்! மூக்கையும் மறந்திட்டீங்கள். நான்தான் வீட்டில இருந்து எடுத்துக்கொண்டு வந்தனான். உங்களிட்டத் தர முதல் மேடைக்குப் போயிட்டீங்கள்." அவ்வளவு நீளத் தமிழை அவள் தகப்பனோடு பேசியதே இல்லை.

ஹென்றி இரண்டு கையையும் நீட்டி அவளை மறித்தான். கதவில் நின்று எத்தனையோ பேரை மறித்தவன். சொந்த மகளை மறிப்பான் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"ஏன் அப்பா இப்பிடிப் பாக்கிறீங்கள்?"

மூக்கைக் கழற்றக் குனிந்தான். நூல் அவளுடைய தலைமயிரில் சிக்கிக்கொண்டது. அவள் சிணுங்கித் தலையைத் திருப்பினாள். திருப்பியவள், கதவு இடுக்கால் ஜாக்கெற்றுகளுக்குக் கீழே இருந்த சப்பாத்துகளைக் கண்டுவிட்டாள். அவளுக்கு அந்தச் சப்பாத்துகளைத் தெரியும். மேசைக்குக் கீழே இருந்து படம் கீறும்போது எத்தனை நாள் பார்த்தவை. ஒளித்துப் பிடித்து விளையாடுகிறார் என்று நினைத்தாளோ, கிழவிக்கு எதுவோ பயம் என்று விளங்கினாளோ தெரியாது. இடுக்குக்குள் மூக்கை நீட்டி, சொக்லேற் வாங்குகிற அதே செல்லப் பிரெஞ்சில் சொன்னாள்:

"பயப்படாதீர்கள், மதாம். நான்தான்."

உள்ளே ஜாக்கெற்றுகள் ஒரேயடியாகச் சலசலத்தன. பிறகு அசைவில்லை. ஹென்றி மகளின் தோளைப் பிடித்து இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டான். மண்டபத்துக்குள் பாட்டுக்காரர் சிலுவைப் பாட்டை எடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து, குழந்தையின் குரல் போல ஒரு குரல் வந்தது.

"பூட்டியாச்சா, ஹென்றி?"

ஹென்றி ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கதவை இழுத்துச் சாத்தினான். தினமும் காட்டுகிற மாதிரி, சாத்திய கதவை இன்னொருமுறை இழுத்து ஓசைப்படுத்தினான். மகளும் அவனும் வெளியே நின்றார்கள்.

"பூட்டியாச்சு, மதாம்" என்றான்.